கண்ணாடிக்கு மேல் இருந்த பூ

கருணாகரனின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பிச் சத்தம் அடங்கியதோ இல்லையோ, சுகந்தி ஹாலில் ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணாடியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மாட்டியபோது இவ்வளவு கனம் தெரியவில்லையே என்று யோசித்தாள். அன்றைக்கு அவர் கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்தார், அதனால் தெரிந்திருக்காது. வட்டக் கண்ணாடி. அதைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் ஒட்டிய பலகை. பலகை முழுக்க வீட்டில் கிடந்த பழைய நகைகள். ஜோடி தொலைந்த தோடு, கல் உதிர்ந்த ஜிமிக்கி, மகள் பரதநாட்டியம் ஆடிய காலத்து நெற்றிச்சுட்டி, திருகு போன கொலுசு, சாயம் வெளுத்த கவரிங் நெக்லஸ், எல்லாம் கொடியும் இலையுமாகச் சுற்றி ஏறி உச்சியில் ஒரு பூவில் போய் முடியும். பூவுக்கு நடுவே சிவப்புக்கல் தோடு ஒன்று. அதைச் சுற்றி வெள்ளி இதழ்கள். அந்த இதழ்களில் இரண்டு, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும், மேகலாவின் மெட்டி. அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மேகலாவை ஏற்றிக்கொண்டு திரும்புவதற்குள் அந்த இரண்டையும் பெயர்த்தாக வேண்டும். பெயர்த்து, வளைத்து, பழையபடி மெட்டியாக்கி, மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்துவிட வேண்டும். அந்த மஞ்சள் துணி எங்கே போனது என்று வேறு தெரியவில்லை.

மேகலா கருணாகரனின் தங்கை. தஞ்சாவூரில் இருக்கிறாள். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் போன் பண்ணினாள். "திருச்சி பஸ் ஏறிட்டேன் அண்ணி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல வேணாம், நேர்ல வந்து கேக்குறேன்." இவ்வளவுதான் சொன்னாள். சுகந்திக்கு இட்லி மாவு கலக்கிய கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. கேட்கணும் என்றால் வேறு எதைக் கேட்பாள்? நாலு வருஷத்துக்கு முன்னால், மேகலாவின் வீட்டுக்காரர் இளங்கோவன் போன பதினாறாம் நாள் காரியத்தில், அந்த ஊர் வழக்கப்படி தாலியையும் மெட்டியையும் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். தாலியை யாரோ பெரியவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். மெட்டி இரண்டும் கிண்ணத்தின் அடியில் கிடந்தன. பொறந்த வீட்டுப் பொம்பளை கையில் கொடுங்கள் என்று ஒரு கிழவி சொல்ல, கோடிப் புடவை கொண்டுபோயிருந்த சுகந்தியின் கைக்கு அந்தக் கிண்ணம் வந்தது. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து கழுவினாள். மெட்டியின் முகப்பில் சின்னதாக ஒரு மாங்காய், அந்த மாங்காயின் வரிகளுக்குள் பால் திரிந்து போய் ஒட்டியிருந்தது. பழைய பிரஷ் ஒன்றை வாங்கித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டிருக்கையில் மேகலா பின்னால் வந்து நின்றாள். அழவில்லை. "அண்ணி, இத நீங்களே வச்சுக்குங்க. எங்க வைக்கிறீங்கன்னு என்கிட்டச் சொல்லாதீங்க. நானா கேட்டா மட்டும் குடுங்க." சரி மேகலா என்று சுகந்தி சொன்னாள். ஈரக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டும் சொன்னாள். ஒரு சத்தியம் மாதிரித்தான் அது. இப்போது கேட்கப்போகிறாள்.

சமையலறை மேஜையில் துண்டை விரித்துக் கண்ணாடியை மல்லாக்கப் படுக்க வைத்தாள். மகள் விட்டுப்போன முடி உலர்த்தும் மெஷினைச் சொருகினாள். இரண்டு குழாயைக் கலந்து தடவுகிற பசை. சூடு பட்டால் இளகும். சுகந்தி எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர், இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா. சூட்டில் பொருள் விரிவடையும். கிரகணம் என்பது நிழல். வானத்தில் நடப்பதற்கும் கர்ப்பிணி வயிற்றுக்கும் சம்பந்தமில்லை பிள்ளைகளே, எழுதிக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் இதைச் சொல்கிறாள், சொல்லும்போது நம்பித்தான் சொல்கிறாள். சொல்லி முடித்து வீட்டுக்கு வந்தால் வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மாட்டாள். அது வேறு, இது வேறு. அப்படித்தான் இருபது வருஷமாக ஓட்டியிருக்கிறாள், யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல். சூடான காற்று வெல்வெட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தது. கருகல் வாசனை வந்தது. கையைத் தூக்கிப் பிடித்தாள். இது அப்படியே ஒரு தவறுதலாக நடந்தது என்று வைத்துக்கொண்டால் என்ன? டப்பாவில் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது மேகலா, என்னுடைய பழைய மெட்டி என்று நினைத்து ஒட்டிவிட்டேன், இப்போதுதான் கவனித்தேன். நல்ல பொய். நேராக நிற்கிற பொய். கீழ் வீட்டுச் சம்பூரணம் அக்காவிடம் சொன்னால் நம்புவாள். அவரிடம் சொன்னாலும் நம்புவார். ஆனால் சுகந்தியின் மெட்டியில் மாங்காய் கிடையாது, வெறும் வளையம், அதுவும் இன்றுவரை அவள் காலை விட்டு இறங்கியதில்லை. பழைய மெட்டி என்று அவளுக்கு ஒன்று இருந்தால்தானே.

தவறுதலாக எங்கே நடந்தது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டில் உட்கார்ந்தவர் ரசத்துக்கு வரும் முன்பே கையை உதறிவிட்டு நெஞ்சைப் பிடித்தார். அவர் முகம் போன நிறம் இப்போதும் அவள் கண்ணில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது பீரோ. பீரோவின் நடுத்தட்டு, அவளுடைய கூரைப்புடவைக்கு மேல் மஞ்சள் துணி முடிச்சு. அங்கே ஏன் வைத்தோம் என்று நினைத்தாள். என் கல்யாணப் புடவை மேலேயா வைப்பது, வேறு இடமே இல்லையா. தொண்டையில் மீன் முள் சிக்கின மாதிரி அந்த நினைப்பு அவளுக்கு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் கிடந்தது. டாக்டர் வந்து குழாய் வைத்தாகிவிட்டது, பயமில்லை என்று சொன்னபோது அழுதாள். அழுதுகொண்டே, வீட்டுக்குப் போனதும் முதலில் அதை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். எடுத்து எங்கே வைப்பது? சமையலறையில் வைக்க முடியாது. பூஜை அலமாரி பக்கமே கொண்டுபோகக் கூடாது. சமயபுரத்து உண்டியலில் போட்டுவிடலாம், போட்டுவிட்டால் கேட்கும்போது என்ன கொடுப்பது. மேகலாவிடமே திருப்பிக் கொடுக்கலாம், கொடுத்தால் ஏன் என்று கேட்க மாட்டாளா. கேட்டால் என்ன சொல்வாள், உன் மெட்டி என் வீட்டில் இருந்தால் என் புருஷன் செத்துப்போவான் என்றா? இதை வாய்விட்டுச் சொல்ல எந்தப் பொம்பளையால் முடியும்.

அப்போதுதான் இந்த வேலை பிறந்தது. பழைய நகையில் வீட்டை அலங்கரிக்கிற வேலை. அவர் படுக்கையில் இருந்த நாட்களில், பகல் பொழுது போக வேண்டாமா என்று சொல்லிக்கொண்டு, டப்பாவைக் கொட்டிப் பிரித்தாள். வளையல்களைப் பசை வைத்து அடுக்கி மேஜை விளக்குக்கு உறை செய்தாள். அறுந்த முத்துமாலையைத் திரைச்சீலைக்குக் கட்டும் கயிறாக்கினாள். ஜாடிக்குக் கழுத்தில் ஒட்டியாணம். கடைசியாகக் கண்ணாடி. கடைசியாகச் செய்தது அதுதான், ஆனால் முதலில் மனதில் இருந்ததும் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். விளக்கும் ஜாடியும் அதற்குத் துணைக்கு வந்தவை. மெட்டியை மெட்டியாக வைத்திருந்தால்தானே தோஷம். விரித்து ஒட்டிவிட்டால் அது இதழ். கொடிக்கும் இலைக்கும் நடுவில், பத்தோடு பதினொன்றாக, பார்க்கிறவர்களுக்குப் பூ. குறட்டால் வளையத்தைப் பிரிக்கும்போது வெள்ளி சுலபமாக வளைந்து கொடுத்தது. பயந்து செய்கிற காரியத்தைக் கலை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நன்றாக வந்துவிட்டது, என்ன செய்ய. சம்பூரணம் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பழசு எதையும் வீணாக்கலையே சுகந்தி நீ." பள்ளிக்கூடத்தில் பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட் என்று ஒரு நாள் வைத்து அவளைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொன்னார்கள். போட்டோவைப் போர்டில் ஒட்டினார்கள். வேஸ்ட். கல்யாணத்தன்று இளங்கோவன் மண்டபத்தில் குனிந்து, அம்மியில் வைத்த மேகலாவின் காலைப் பிடித்து, மெட்டி ஏறாமல் திணறி, எல்லாரும் சிரித்து, அவளும் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்து. பக்கத்தில் குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு சுகந்தியும்தான் சிரித்தாள். வேஸ்ட் என்று எழுதிய போர்டின் கீழே நின்று அவள் போட்டோவுக்கும் சிரித்திருக்கிறாள்.

கத்தி முனையை இதழின் அடியில் விட்டு நெம்பினாள். அசையவில்லை. இன்னும் சூடு. அவர் இந்நேரம் பாலம் தாண்டியிருப்பார். தஞ்சாவூர் பஸ் சில நாள் சீக்கிரமே வந்துவிடும், சில நாள் வரவே வராது. அவருக்கு ஒன்றும் தெரியாது. தங்கை வருகிறாள் என்றதும் நேற்றே போய் நெத்திலிக் கருவாடு வாங்கிவந்து வைத்துவிட்டார், டாக்டர் பார்த்தால் திட்டுவார். "அவ வந்து எவ்ளோ நாளாச்சு" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். எவ்வளவு நாள் ஆயிற்று என்று சுகந்திக்குத் தெரியும். ஏன் ஆயிற்று என்றும் தெரியும். மகள் புனேவுக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில் மேகலா இங்கேதான் இருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளை செருப்பு மாட்டுகிறாள், வாசலுக்கு நேரே மேகலா வழியனுப்ப நிற்கிறாள், சுகந்தி அவசரமாக அவளிடம் வந்தாள். "மேகலா, அடுப்புல பால் பொங்குது, கொஞ்சம் பாரேன்" என்றாள். மேகலா உள்ளே போனாள். சுகந்தி தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து மகளுக்கு எதிரே நின்றாள். கார் போனபிறகு சமையலறைக்குள் வந்து பார்த்தால், மேகலா அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் பால் இல்லை. அடுப்பு பற்றவே வைக்கவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, திரும்பிப் பார்த்து, "கிளம்பிட்டாளா அண்ணி" என்றாள், அவ்வளவுதான். சுகந்தி ஆமாம் என்று சொல்லிவிட்டு, சொம்பில் இருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். அந்தத் தண்ணீர் கொட்டின சத்தம் இன்னும் சில சமயம் கேட்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது கேட்கிறது. இப்போதும் குழாய் சரியாக மூடவில்லை போலிருக்கிறது, சொட்டுகிறது. எழுந்து போய் மூடினாள். திரும்பி வந்தாள். மூடாமலேயே வந்துவிட்டது போல் இருந்தது.

சரி, அவள் மட்டும் என்ன. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்த்தாளா? கூடப் பிறந்தவள், ஒரு மணி நேரப் பயணம், சொந்த அண்ணனுக்கு நெஞ்சில் குழாய் வைத்திருக்கிறது, வரவில்லை. காய்ச்சல் என்றாள். போனில் தினமும் விசாரித்தாள், சரி, போனில் யார்தான் விசாரிக்கவில்லை. இதைச் சுகந்தி யார் யாரிடம் சொல்லவில்லை. சம்பூரணத்திடம், பள்ளிக்கூடத்தில், அவருடைய பெரியப்பா வீட்டில், குரலை இறக்கிச் சொன்னாள். "எனக்குன்னா பரவால்லீங்க, அவருக்குக் கூடவா." எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, மேகலா வரவில்லை என்று போன் வந்த நிமிஷம், மனதுக்குள் அப்பாடா என்று ஒரு சத்தம் வந்ததே, அதை யாரிடம் சொன்னாள்? கண் திறந்ததும் அவர் முதலில் பார்க்கிற முகம் மேகலாவுடையதாக இருந்துவிடக் கூடாது என்று நினைத்திருந்தாள். அப்பாடா என்றவள்தான் பிறகு ஊரெல்லாம் உச்சுக் கொட்ட வைத்தாள். இரண்டும் ஒரே வாய்தான். தூ என்று தன்னையே ஒருமுறை மனதில் துப்பிக்கொண்டாள், துப்பினால் போய்விடுகிற மாதிரி.

டக் என்று வலது இதழ் பெயர்ந்தது. அடியில் கொஞ்சம் வெல்வெட்டும் சேர்ந்து வந்தது. இடது இதழை நெம்பும்போது கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் ஏறியது. ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே மறு கையால் சூட்டைக் காட்டினாள். எதற்குக் கேட்கிறாள் இப்போது? அவள் பெண் யாழினிக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், முடிந்திருக்குமோ. முடிந்திருந்தால், பெண்ணுக்கு மெட்டி செய்யும்போது இந்த வெள்ளியையும் சேர்த்து உருக்கலாம் என்று நினைக்கிறாளோ. ஐயோ, இதையா, அந்தச் சின்னப் பெண் காலிலா, வேண்டாமே. நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தன்னைக் கண்டே அருவருப்பாக இருந்தது. கத்தி கையில், ரத்தம் வாயில், இன்னும் அதே புத்தி. தீபாவளிக்குக் கண்ணாடி முன்னால் நின்று எடுத்த போட்டோவைச் சுகந்தி போனில் ஸ்டேட்டஸாக வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மேகலா பார்த்திருக்கிறாள் என்று காட்டியது. பதறி அழித்தாள். பார்த்தவள் ஒன்றும் சொல்லவில்லை. பூ சின்னதாகத்தான் தெரிந்திருக்கும். அடையாளம் தெரிந்திருக்காது. மாங்காய் எத்தனையோ நகையில் இருக்கிறது. இருபது வருஷம் காலில் போட்டிருந்ததைக் கூடவா தெரியாது? தெரிந்துதான் இன்று வருகிறாள். வந்து கண்ணாடி முன்னால் நிற்பாள், ஒரு வார்த்தையும் சத்தமாகப் பேச மாட்டாள், அவளுக்குச் சத்தம் போட வராது. அண்ணி, குடுங்க, என்பாள். அதோடு இந்த வீட்டுக்கும் அவளுக்கும் இருந்தது முடியும். அவர் அதைத் தாங்க மாட்டார்.

இரண்டாவதும் வந்துவிட்டது. கையில் வைத்துப் பார்த்தால் மெட்டி மாதிரியே இல்லை, எங்கேயோ கிடந்த இரண்டு வெள்ளித் தகடு. வளைக்க வேண்டும். பள்ளிக்கூடத்து மார்க்கர் பேனாவை வைத்துச் சுற்றினாள், வளையம் பெரிதாக வந்தது. பென்சிலில் சுற்றினாள், சிறிதாகிவிட்டது. கால்விரலுக்கு ஏற்ற தடிமன் கால்விரலுக்குத்தானே இருக்கும். குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவளுக்கும் மேகலாவுக்கும் ஒரே அளவு, ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டாம் விரலில் அவள் மெட்டி இருக்கிறது, பரவாயில்லை, அடுத்த விரலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் வளைந்துவிடும், ஒரு நிமிஷ வேலை. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி முட்டியில் வைத்துக்கொண்டாள். மெட்டியை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது. பிள்ளைகளே, நிழலுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை. வெள்ளி ஒரு உலோகம். கொண்டுபோ. கை போகவில்லை. அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் தங்கை, முன்னால் லாரி, வேண்டாம், அவர் வந்து சேரட்டும். காலைக் கீழே போட்டாள். தோசைக்கரண்டிக் காம்பில் வைத்துக் குறட்டால் அழுத்தினாள். ஒன்று எப்படியோ வளைந்தது. மற்றதில், மாங்காய்க்குப் பின்னால், மயிர் போல ஒரு விரிசல் ஓடியது.

ஸ்கூட்டர் சத்தம். அவர் ஸ்கூட்டர்தான், அந்த இருமல் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. சுகந்தி கண்ணாடியை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடிக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சாய்த்தாள். கத்தி, குறடு, மெஷின் எல்லாவற்றையும் துண்டோடு சுருட்டி அலமாரிக்குள் தள்ளினாள். மெட்டி இரண்டும் இடது கைக்குள் இருந்தன. எங்கே வைப்பது என்று திரும்புவதற்குள் கதவு திறந்து பேச்சுக் குரல் கேட்டது. வெறும் ஆணி. ஆணிக்குக் கீழே, சுவரில் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு வட்டம். அதை அவள் யோசிக்கவே இல்லை.

மேகலா இளைத்திருந்தாள். நெற்றியில் சின்னக் கறுப்புப் பொட்டு. பையை வைக்கும் முன்பே நேரே அந்தச் சுவரைத்தான் பார்த்தாள். "ஏன் அண்ணி, கண்ணாடி எங்க?"

"துடைக்கலாம்னு எடுத்தேன். உள்ள வச்சிருக்கேன்." குரல் ஒழுங்காகத்தான் வந்தது. ஏங்க, தயிர் இல்லை, ஒரு எட்டுப் போய் வாங்கிட்டு வந்துருங்க என்று அவரிடம் சொன்னாள். ஃப்ரிட்ஜில் தயிர் இருந்தது. இப்பதானே வந்தேன் என்று முனகிக்கொண்டே அவர் போனார். சுகந்தி கதவைத் தாழிட்டாள்.

"அதப் பாக்கத்தான் அண்ணி வந்தேன்" என்றாள் மேகலா. சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். "யாழினிக்குப் பேசி முடிச்சாச்சு. தை மாசம். நேர்ல சொல்லணும்னு போன்ல சொல்லல. அன்னிக்குக் காலைல அந்தக் கண்ணாடி முன்னாடி வச்சு அவளுக்கு அலங்காரம் பண்ணணும். ஒரு நாளைக்குக் குடுங்க, பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துர்றேன். அவ அப்பா போட்டது அதுல இருக்குல்ல." சிரித்தாள். "தீபாவளிக்குப் போட்டோ பாத்தேனே. பாத்ததும் தெரிஞ்சிருச்சு. எனக்கு அன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா. எந்த விசேஷத்துலயும் நான் தூண் ஓரமாத்தான் நிக்குறேன். நீங்க என்னோடத நடு ஹால்ல, வாசலுக்கு நேரா வச்சிருக்கீங்க. யாரு அண்ணி வைப்பா அப்படி."

சுகந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. கைக்குள் இருந்த மாங்காயின் முனை காயத்தில் குத்தியது, நன்றாகக் குத்தட்டும் என்று இருந்தது. ஏதாவது பேச வேண்டும். அதற்குள் மேகலா எழுந்து, உரிமையோடு, படுக்கையறைக்குள் போய்விட்டாள். கட்டில் ஓரத்திலிருந்து கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். பூவைப் பார்த்தாள். பூவில் இரண்டு இதழ் இல்லை.

"அய்யோ, விழுந்துருச்சா?"

"ம்" என்றாள் சுகந்தி.

"துடைக்கும்போதா? இங்கதான் எங்கயாச்சும் கிடக்கும். பயப்படாதீங்க அண்ணி, நான் தேடுறேன்." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேகலா தரையில் மண்டிபோட்டாள். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் கையால் துழாவினாள். தூசியில் தும்மினாள். பழைய செருப்பு ஒன்றை இழுத்து வெளியே போட்டாள். கிடைச்சிரும், கிடைச்சிரும் என்று உள்ளேயிருந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். சுகந்தியும் மண்டிபோட்டாள். இடது கையை மூடிக்கொண்டு வலது கையால் தரையைத் தடவினாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று தன்னைப் பற்றித்தான் நினைத்தாள். ஒன்றைக் கட்டில் கால் ஓரமாக நழுவ விட்டுவிடலாம், அவள் கண்டுபிடிப்பாள், சந்தோஷப்படுவாள், பிறகு இன்னொன்றை. விரலைத் தளர்த்தினாள். ஒன்று விழுந்தது. டைல்ஸில் அதன் சத்தம் தெளிவாகக் கேட்டது.

மேகலாவின் கை வந்து அதை எடுத்தது. வெளியே வந்து உட்கார்ந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குறட்டின் பல் பதிந்த தடம் புதிதாக மின்னியது. கரண்டிக் காம்பின் அளவுக்கு அரைகுறையாக வளைந்த வளையம். அதில் கொஞ்சம் ரத்தம். கட்டைவிரலால் ரத்தத்தைத் துடைத்தாள். சுகந்தியின் மூடிய இடது கையைப் பார்த்தாள். கேட்கவில்லை. அடுப்பில் பால் இல்லாத அன்றைக்கும் இதே மாதிரிதான் கேட்காமல் நின்றாள். அந்த நினைப்பு வந்ததும் சுகந்தியின் கை தானாகத் திறந்துகொண்டது.

"இந்தா. கையிலதான் வச்சிருந்தேன் மேகலா. நான்தான் பேத்தேன். நீ கேப்பேன்னு. நீ நினைக்கிற மாதிரி நடு ஹால்ல வைக்கணும்னெல்லாம் வைக்கல நான்."

மேகலா இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிசலை நகத்தால் தடவினாள். வெளியே யாரோ காய்கறி வண்டிக்காரனிடம் கீரைக்குப் பேரம் பேசினார்கள்.

"அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்துச்சே, அப்பவா அண்ணி?"

சுகந்தி தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையை நிமிர்த்த முடியவில்லை.

"எனக்கும் அதே நினைப்புதான்" என்றாள் மேகலா. கோபமில்லாமல், ரகசியம் போலச் சொன்னாள். "அதான் ஆஸ்பத்திரிக்கு வரல. காய்ச்சலெல்லாம் இல்ல. திருச்சி பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டான். நான் போய் நின்னு அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா. இறங்கி வீட்டுக்குப் போயிட்டேன்."

 சம்பூரணத்தின் உச்சுக் கொட்டல் சுகந்தியின் காதில் கேட்டது. இவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? தண்ணீர்ச் சொம்போடு சுற்றி வந்தவள்தானே. ஒரு வார்த்தை சொல்லாமல், பால் பொங்குகிறது என்று மட்டும் சொல்லி, நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இருபது வருஷ டீச்சர். மேகலாவின் கையைப் பிடிக்கப் போனாள், தன் கை ரத்தமாக இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மேகலாவே எட்டி அந்தக் கையை எடுத்து, முந்தானை நுனியால் கட்டைவிரலைச் சுற்றி அழுத்திப் பிடித்தாள். இருவரும் செருப்புக்கும் தூசிக்கும் நடுவில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் பெல் அடித்தது. அவர் தயிர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மேகலா வழக்கம்போல ஒதுங்கி, அண்ணி எழுந்து போக வழிவிட்டாள். சுகந்தி எழுந்திருக்கவில்லை. பயம் போய்விட்டதா என்றால் இல்லை, அப்படியே இருந்தது. மறுபடியும் பெல் அடித்தது.

"நீ போய்த் திற மேகலா" என்றாள்.

மேகலா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெட்டி இரண்டையும் கட்டில் மேல் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். தாழ்ப்பாள் விலகும் சத்தமும், "அட, நீயா" என்று அவர் சிரிக்கும் சத்தமும் சுகந்திக்கு உள்ளே கேட்டன.